எடுக்காதே என்று மட்டும் எழுதியிருந்த வரி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற நீங்களும்தான். கையிலிருக்கிற செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால், ஒரே ஒரு காரணத்தைக் காகிதத்தில் ஏற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்வேன். நடுவில் கம்ப்யூட்டர் சங்கதி இரண்டு மூன்று வரும். பயப்பட வேண்டாம், கையைப் பிடித்தே கூட்டிப் போகிறேன்.

பிள்ளை பேர் பானுப்பிரியா. ஊர் அச்சங்குளம். வயது இருபத்தேழு. விருதுநகரில், ஒரு பழைய பருப்பு மில்லின் மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். அது எப்படி ஓடுகிறது, எதை எதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, பின்னால் வருகிறவனுக்கு விளங்குகிற மாதிரி இவள் பக்கம் பக்கமாக எழுதி வைக்க வேண்டும். கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்பது சேர்ந்த முதல் வாரமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கம்பெனி செய்வது ஒரு பலகை. பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற ரூம் வாசலில் ஒரு மின்கண் இருக்கும். ஆள் உள்ளே போனால் ஒன்று கூட்டும், வெளியே வந்தால் ஒன்று கழிக்கும். உள்ளே எத்தனை பேர் என்று போர்மேன் ரூமில் இருக்கிற பலகையில் சிவப்பு எழுத்தில் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் தீ என்று ஒன்று வந்துவிட்டால், எத்தனை பேர் வெளியே வரவேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆட்கள் ஓடுவார்கள். நாலு பேர் உள்ளே இருக்கையில் பலகை மூன்று என்று காட்டினால், மூன்று பேரைக் கண்டதும் கதவை விட்டு விலகிவிடுவார்கள். நாலாவது ஆள்?

அந்த நாலாவது ஆள் பானுப்பிரியாவின் அம்மா சின்னத்தாயாக இருக்கலாம். ஏனென்றால் சோதனைக்கு என்று இரண்டு பலகைகளை மாட்டியிருந்த அச்சங்குளத்து ஆலையில்தான் சின்னத்தாய்க்கு மருந்து ரூமில் வேலை. வெள்ளிக்கிழமை காலை இன்னும் நாற்பது பலகை லோடு ஏற வேண்டும். கதை தொடங்குகிறபோது கிழமை திங்கள்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் சங்கதி. பலகைக்குள் ஒரு சிப்பு. அதற்குள் இரண்டு மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூளை வாசலில் ஆளை எண்ணும். எண்ணைப் பொதுவான ஒரு இடத்தில் எழுதிவிட்டு, அப்புறம் ஒரு கொடியை உயர்த்தும். ‘புது எண் வந்திருக்கிறது’ என்று அர்த்தம். இரண்டாவது மூளை கொடியைப் பார்க்கும், பிறகு எண்ணை எடுத்துப் பலகையில் காட்டும். சிக்கல் என்னவென்றால், இந்தச் சிப்புகளுக்கு அவசரம் அதிகம். நாம் சொன்ன வரிசையில் செய்யாது, தனக்கு வசதியான வரிசையில் செய்யும். எண்ணை எழுதும் முன்பே கொடி உயர்ந்துவிடும். அல்லது இரண்டாவது மூளை, எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கொடியைப் பார்க்கும். கொடி புதுசு, கையில் இருக்கிற எண் பழசு. அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரு தடுப்பு வரி எழுத வேண்டும். ‘இதற்கு மேலே உள்ளதை முடித்துவிட்டுத்தான் கீழே போகலாம்’ என்கிற வரி. பேரியர் என்பார்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் இரண்டும் இல்லாத கதைதான்.

இதெல்லாம் பானுப்பிரியாவுக்கு அந்தத் திங்கட்கிழமை முழுதாகத் தெரியாது. அவள் கண்ணில் பட்டது வேறு. புரோகிராமின் பழைய பிரதியில் இரண்டு தடுப்பு. புதுப் பிரதியில் ஒன்று. பழைய பிரதியில் இருந்த அந்த இரண்டாவது வரிக்கு மேலே ஒரு குறிப்பு: ‘எடுக்காதே. எடுத்தால் வருத்தப்படுவாய். மு.ரா.’

அந்தக் குறிப்பையும் சேர்த்தே யாரோ எடுத்திருந்தார்கள்.

பக்கத்து மேசை விக்னேஷ்வரனிடம் போனாள். இப்போது நிரல் முழுவதும் அவன் பொறுப்பு. கெட்டிக்காரன்தான். கேள்வி கேட்டால் மட்டும் பல்வலி வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

“அண்ணே, இந்தப் பேரியரை நீங்களா எடுத்தீக?”

“ஆமா. அங்கன எதையுமே எழுதல, வாசிக்கத்தானே செய்யுது. வாசிக்கதுக்கு எதுக்கு பேரியரு? சும்மா வேகத்தைக் குறைக்குது.”

“எடுக்காதேன்னு போட்டிருந்துச்சே.”

“எதுக்குன்னு போட்டிருந்துச்சா?”

“இல்ல.”

“பெறகு? அந்த எண்ணே அட்டாமிக்தான் பானு. நடுவுல யாரும் கை வைக்க முடியாது. பத்தாயிரம் தடவ ஓட்டிப் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. நீ ‘ஒரு பேரியர் போதும்’னு எழுதிட்டுப் போவியா, சும்மா தொணதொணன்னுக்கிட்டு.”

எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் எதற்காகப் போதும் என்று எழுத வேண்டுமே. பின்னால் வருகிறவன் கேட்பானே. அந்த மு.ரா., முன்னால் இங்கே புரோகிராம் எழுதிய முனியராஜ், பெங்களூருக்குப் போய் மூன்று வருஷம் ஆயிற்று. நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

“ஆமாம்மா, நான்தான் போட்டேன்” என்றார் முனியராஜ். “பெரிய பிரச்சினை அது. பதினோரு நாளு தூங்கல தெரியுமா?”

“என்ன பிரச்சினைண்ணே?”

“அதுதாம்மா... அப்ப நல்லாத் தெரிஞ்சுது. இப்ப மறந்துபோச்சு.”

“எங்கேயாச்சும் எழுதி வச்சிருக்கீகளா?”

“எழுதித்தானே வச்சேன், எடுக்காதேன்னு.”

பானுப்பிரியா போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி முழுவதும் அவளே உட்கார்ந்து, சிப்புக்காரன் கொடுத்த தடித்தடியான ஏடுகளைப் படித்தாள். புரிந்ததை எழுதினாள். ‘அட்டாமிக் என்றால் அந்த எண் பாதியில் பிய்ந்துபோகாது என்றுதான் பொருள். வரிசை தவறாது என்று பொருள் இல்லை. வாசிக்கிற பக்கத்துத் தடுப்பு இல்லாவிட்டால் பலகை பழைய எண்ணைக் காட்டலாம். அடுத்த ஆள் நடமாடும் வரை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்.’ நாலே வரி. அந்த நாலு வரிக்குப் பட்ட பாடு இருக்கிறதே!

விக்னேஷ்வரன் அதைச் சிவப்பில் அடித்தான். “தெரிஞ்சவனுக்கு இது வேண்டாம், தெரியாதவனுக்கு இது புரியாது” என்று ஓரத்தில் எழுதினான். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்தக் காகிதமும் வேண்டியதில்லையே என்று இவள் மறுபடி எழுதினாள். முதலாளி மகேஷ்குமார் பச்சையில் அடித்தார். தகப்பனார் காலத்து அச்சாபீஸ் வியாபாரம் போக, இதைச் சொந்த ஆசைக்கென்று ஆரம்பித்தவர். நல்ல மனுஷர். பக்கத்தைக் கையில் வாங்கினாலே விரலில் எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்.

“ஏம்மா பானு, ‘பழைய எண்ணைக் காட்டலாம்’னு நம்ம பலகையப் பத்தி நாமளே எழுதலாமா? வாங்குறவன் வாசிச்சா பயந்துருவாம்லா?”

“வாங்குறவுகளுக்கு இது போகாது அண்ணாச்சி. நம்ம ஆளுகளுக்குத்தான்.”

“நம்ம ஆளுக யாரு வாசிக்கா?”

“யாரும் வாசிக்க மாட்டாக.”

“பெறகென்ன, எடுத்துரு.”

ஒன்பதாவது பிரதிக்கு ‘முடிவு’ என்று பேர் வைத்தாள். அதற்கு முன்னால் ‘முடிவு இரண்டு’, ‘உண்மையான முடிவு’ எல்லாம் இருந்தன. அந்த நாலு வரியும் ஒவ்வொரு பிரதியிலும் போகும், அடுத்ததில் வரும்.

புதன்கிழமை மத்தியானம் அச்சங்குளத்திலிருந்து போர்மேன் செந்தூர்பாண்டி போன் அடித்தார். விக்னேஷ்வரன் ஒலியைக் கூட்டிவைத்தான்.

“தம்பி, ஆறாம் நம்பர் ரூம்ல ஒங்க பலகை மூணுன்னு காட்டுது. வாசல்ல நாலு சோடிச் செருப்புல்லா கெடக்கு?”

மருந்து ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது. அதனால் அந்த ஆலையில் போர்மேன்மார் காலம் காலமாகச் செருப்பை எண்ணித்தான் ஆளை எண்ணுவது. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்க வேண்டும். வெளியே வந்து நின்ற பிறகுதான் மாட்ட வேண்டும். அதனால் செருப்புக் கணக்கு ஒருபோதும் ஆள் கணக்குக்குக் குறையாது.

“ஒரு ஆள் வெறுங்காலோட தண்ணி குடிக்கப் போயிருப்பாக அண்ணாச்சி” என்றான் விக்னேஷ்வரன்.

“இருக்கும், இருக்கும்” என்றார் செந்தூர்பாண்டி. “நான் என்னத்தக் கண்டேன். சொல்லணும்னு சொன்னேன்.”

விக்னேஷ்வரன் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உடனே அதே மாதிரிப் பலகை ஒன்றை மேசைமேல் வைத்து, பட்டாசுப் பெட்டி மூடியை வட்டமாக வெட்டி ஒரு மோட்டாரில் மாட்டி, ஆள் போவதும் வருவதும் போல மின்கண்ணுக்கு முன்னால் முன்னும் பின்னுமாகச் சுற்றவிட்டான். ஒவ்வொரு அடியும் திரையில் வரி வரியாக ஓடுகிற மாதிரி வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை பார்த்தான். ஒரு எண் கூடத் தப்பவில்லை. புகார் ஏட்டில் ‘செருப்புக் கணக்குப் பிழை’ என்று எழுதி மூடிவிட்டான்.

பானுப்பிரியா வீட்டுக்கு வந்தபோது சின்னத்தாய் கையிலிருந்த மருந்துச் சாம்பல் நிறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, இன்னைக்கு மத்தியானம் ஆறாம் நம்பர்ல யாரு யாரு இருந்தீக?”

“நானு, சொர்ணலட்சுமி, அந்தக் கோட்டைக்காரி, அவ நாத்தனாரு. ஏன்?”

“நடுவுல யாராச்சும் தண்ணி குடிக்க எந்திரிச்சீகளா?”

“எங்கிட்டு எந்திரிக்க? சீசன் ஆர்டரு. காலைல உக்காந்தா மணியடிச்சாத்தான். ஒண்ணுக்குப் போவக்கூட நேரமில்லன்னு சொர்ணம் பொலம்பிக்கிட்டே கெடந்தா.” நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். “என்னத்துக்குக் கேக்க? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா சோத்தப் போட்டுத் தின்னு.”

சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். நாலு பேர் இருந்திருக்கிறார்கள். பலகை மூன்று என்றிருக்கிறது. ஒருத்தரும் நடமாடாததால் அது திருந்தவும் இல்லை. அவள் எழுதி எழுதி அடிபட்ட அந்த நாலு வரி, எழுத்து மாறாமல் அம்மா உட்கார்ந்திருந்த ரூமில் நடந்திருக்கிறது. ஆனால் இதைச் சொன்னால் விக்னேஷ்வரன் என்ன சொல்வான்? மேசைமேல் சாயந்திரம் வரை சுற்றினேனே, ஏன் வரவில்லை என்பான். அவன் கேட்பதும் நியாயம்தானே, ஏன் வரவில்லை?

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அவன் மேசைக்குப் போனாள். நேரடியாகச் சொன்னால் சண்டை வரும் என்று, கையில் அட்டவணையோடு போனாள். சோதனை எப்படிச் செய்தோம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டிய அட்டவணை. அவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“திரும்பவுமா?”

“ஆறே கேள்விண்ணே. மின்சாரம் எத்தன?”

“அஞ்சு வோல்ட்டு.”

“எம்புட்டு நேரம்?”

“நாலரை மணி.”

“லாகு?”

“என்ன லாகு?”

“தெரையில வரி வரியா ஓடுச்சே, அது ஆன்ல இருந்துச்சா?”

“ஆன்ல இல்லாம நான் எப்பிடிம்மா பாக்க? கண்ண மூடிக்கிட்டா?”

“ஆலைக்கு அனுப்புன பலகையில?”

“அதுல ஆஃப். அங்கன யாரு பாக்கா?”

பானுப்பிரியா பேனாவை அட்டவணையில் வைத்தபடியே நின்றாள். “அப்ப நீங்க பத்தாயிரம் தடவ ஓட்டிப் பாத்தது, நாம அனுப்புறதை இல்லையேண்ணே.”

கொடியைப் பார்ப்பதற்கும் எண்ணை எடுப்பதற்கும் நடுவே அந்தத் திரை வரியை எழுத இரண்டாவது மூளை நின்று போகிறது. அந்த நிற்றலே ஒரு தடுப்பு. எடுத்துவிட்ட தடுப்பு செய்ய வேண்டிய வேலையை, வேடிக்கை பார்க்கப் போட்ட வரி செய்துகொண்டிருந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காக இருந்திருக்கிறது, பார்க்காதபோது புத்தியைக் காட்டியிருக்கிறது.

“இருக்காது” என்றான். குரலில் பழைய கெத்து இல்லை.

“ஆஃப் பண்ணி ஓட்டுங்க.”

“ஆஃப் பண்ணா எதை வச்சுப் பாக்க?”

“எண்ணுற மூளைய கடைசியா ஒரு தடவ மட்டும் சொல்லச் சொல்லுங்க. நடுவுல பேச வேண்டாம். பலகையில என்ன இருக்குன்னு நான் கண்ணால பாக்கேன்.”

லாகை அணைத்தான். அட்டை வட்டம் சுற்றியது. ஆயிரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பலகையைப் பார்ப்பது, எழுதுவது, மறுபடி சுற்றவிடுவது. கரண்ட் ஒரு தடவை போய்விட்டு வந்தது, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, “லோடு நாளைக்கும்மா, வெளையாட்டெல்லாம் சனிக்கெழம வச்சுக்கிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். பானுப்பிரியா குனிந்து அடுத்த எண்ணை எழுதினாள். வாயைத் திறந்தால் அண்ணாச்சி என்று பாராமல் எதையாவது சொல்லிவிடுவோம் என்று பயம்.

இருபத்திரண்டாவது நிறுத்தத்தில் பலகை மூன்று என்றது. எண்ணுகிற மூளை நாலு என்றது.

இரண்டு பேரும் அந்தச் சிவப்பு மூன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அசையவே இல்லை. அவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக வெட்கப்படவும் இல்லை.

“எடுக்காதேன்னு சொன்னாம்லா, அந்த முனியராசு” என்றான் விக்னேஷ்வரன் மெதுவாக. “ஏன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?”

பானுப்பிரியா அதற்குள் போனை எடுத்துவிட்டாள். மணி பதினொன்றேகால். அம்மா இந்நேரம் ஆறாம் நம்பரில் உட்கார்ந்திருப்பாள்.

“அண்ணாச்சி, நான் சின்னத்தாய் மக பானு பேசுதேன். அந்த ரெண்டு பலகையையும் இப்பமே அணைச்சிருங்க. தப்புக் காட்டுது.”

“அதை நான் எப்பம்மா நம்புனேன்?” என்றார் செந்தூர்பாண்டி. “நான் செருப்பத்தான் எண்ணுதேன். ஆனா எங்க ஆலை மொதலாளி வீட்டுப் பையன் ஒருத்தரு, இனிமே பலகை இருக்கு, செருப்பு எல்லாம் ஒழுங்கா ஓரமா அலமாரியில வைங்கன்னுட்டாரு. நாளையிலேர்ந்து வாசல்ல கெடக்காது.”

“வாசல்லயே கெடக்கட்டும் அண்ணாச்சி. யாரு சொன்னாலும் எடுக்காதீக. பலகைய மட்டும் அணைங்க. அணைச்சிட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

அவர் நடந்து போகிற சத்தமும், யாரையோ வைகிற சத்தமும், ஒரு கதவுச் சத்தமும் கேட்டன. “அணைச்சாச்சு தாயி” என்ற பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகேஷ்குமார் வந்தார், பார்த்தார். அவர் முகமும் மாறித்தான் போயிற்று. லோடை நிறுத்தச் சொன்னார். அதை வாங்குகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்பது அவர் பாடு, அதற்கு அவர் தயங்கவில்லை. விக்னேஷ்வரன் அந்த வரியைத் திரும்பப் போட்டான். சாயந்திரம் வரை லாக் இல்லாமல் சுற்றவிட்டார்கள். ராத்திரி முழுவதும் தானாகவே ஓடட்டும், நிற்கிறபோதெல்லாம் பலகையைச் செல் படம் பிடிக்கட்டும் என்று விட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் ஒரு எண் பிசகவில்லை.

“அப்ப முடிஞ்சுது” என்றார் மகேஷ்குமார். “வரி வந்துட்டு, எண்ணு சரியாயிட்டு. அந்தப் பக்கத்துல இருக்க நாலு வரி இனி எதுக்கும்மா? நம்ம பலகைதான் இப்ப தப்பே காட்டாதே.”

ஒரு மனுஷி எத்தனை தடவைதான் தலையில் அடித்துக்கொள்வது?

“அண்ணாச்சி” என்றாள். “மூணு வருசத்துக்கு முன்னாலயும் இந்த வரி இருந்துச்சு. அப்பவும் தப்புக் காட்டல. காரணம் இல்லாம நின்னதாலதான் எடுத்தாக. இப்ப திரும்பவும் காரணம் இல்லாம நிக்க வச்சா, இன்னொருத்தரு வந்து எடுப்பாக. எங்கம்மா அந்த ரூம்லதான் இருக்கா. அந்தப் பக்கத்துல இந்த நாலு வரி இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாரையாச்சும் வச்சு எழுதிக்கோங்க.”

மகேஷ்குமாருக்குக் கோபம் வந்தது. கம்பெனி ஆரம்பித்த ஆறு வருஷத்தில் இப்படி ஒருத்தரும் பேசியதில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் விக்னேஷ்வரன் எழுந்தான்.

“எடுத்தது நான்தான் அண்ணாச்சி. இந்த நாலு வரி அன்னைக்கு அங்கன இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டேன்.” கையிலிருந்த சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “அவுக எழுதுனத அடிச்சதும் நான்தான்” என்றான்.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை பச்சையால் எதையும் அடிக்கவில்லை, கீழே கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் அந்தப் பக்கத்தையே வாசித்துவிட்டுத்தான் போட்டார் என்று பானுப்பிரியா அம்மாவிடம் சொன்னாள். பாதிதான் வாசித்தார், அது எனக்குத் தெரியும். அவள் சந்தோஷத்தில் சொன்னது, இருக்கட்டும்.

காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது என்று நிரலுக்குள்ளேயும், அந்தத் தடுப்பு வரிக்கு நேர் மேலே, காரணத்தை எழுதினார்கள். முதலில் விக்னேஷ்வரனே எழுதினான். ‘இது முக்கியம்’ என்று எழுதியிருந்தான். பானுப்பிரியா அவனைப் பார்த்த பார்வையில் அதை அழித்துவிட்டு அவளையே எழுதச் சொன்னான். இது எந்தத் தடுப்புக்கு ஜோடி, அது எந்தக் கோப்பில் இருக்கிறது, இது இல்லாவிட்டால் பலகை என்ன காட்டும், ஏன் லாகைப் போட்டுப் பார்த்தால் தெரியாது, எல்லாம் பதினோரு வரி வந்தது. அடுத்த புதன்கிழமை நாற்பது பலகையும் லோடு ஏறின.

தை மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து நல்லசிவம் என்று ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தார். பதினெட்டு வருஷ அனுபவம், மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றையும் வேகமாக்கிவிட வேண்டும் என்கிற துடிப்பு. இரண்டாம் வாரமே பானுப்பிரியாவின் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க, அந்த வாசிக்கற பக்கத்து பேரியரு... எடுத்துப்போடலாம்னு போனனுங்க.”

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மேல எழுதியிருந்ததைப் படிச்சேன். உட்டுட்டேன்” என்றார் நல்லசிவம். “ஆனா பதினோரு வரி ரொம்ப நீளமா இருக்குதுங்க. கொஞ்சம் சுருக்கிக்கலாமா?”

“கூடாது” என்றாள் பானுப்பிரியா.

இவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போகிறவர்கள் பார்த்துப் போங்கள், வெளியே இருட்டிவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொரு ஆளும் போன மாதிரியே திரும்பி வரட்டும். உங்கள் வீட்டு உலை பொங்கட்டும், தட்டு ஒன்று கூட காலியாகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்கிற பொறுமை உங்களுக்கு வாய்க்கட்டும். நல்லா இருங்கள், நீங்களும் உங்களைச் சேர்ந்த எல்லாரும்.